ஓவிய ஆசிரியர் தகுதி விதியை எதிர்த்து வழக்கா? இந்தத் தவறுகளைச் செய்துவிடாதீர்கள்

நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் நுண்கலைப் பட்டம் முடித்தவர்கள் அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியர் பணிக்குப் போட்டியிடும்போது அதிகம் சொல்லும் வாதம் ஒன்று உண்டு: “ஹையர் கிரேடு (அரசுத் தொழில்நுட்ப ஓவியத் தேர்வு), டி.டி.சி. (தொழில்நுட்ப ஆசிரியர் சான்றிதழ்) கேட்கிறார்கள், நான் படித்தது அதைவிடப் பெரிய படிப்பு.” கோபம் நியாயமானது. ஆனால், அதை மட்டும் நம்பி உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனால் வழக்கு நிற்காது.

ஐ.டி.ஐ. கேட்ட பணிக்கு டிப்ளமோ முடித்தவர்கள் இப்படித்தான் வாதாடினார்கள். 2018-இல் ஜாகூர் அகமது ராதர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எந்தப் படிப்பு எதற்கு இணை என்பதை அரசுதான் தீர்மானிக்கும், நீதிமன்றம் தகுதியை விரித்துப் படிக்காது என்றது. 2010-இல் ஜோதி கே.கே. வழக்கில் கேரள விண்ணப்பதாரர்கள் ஜெயித்தார்கள் என்றால், கீழ்ப்படிப்பை உள்ளடக்கிய உயர்படிப்பை ஏற்கலாம் என்று அங்கே பணி விதியிலேயே எழுதியிருந்ததுதான் காரணம். ஆகவே முதல் வேலை, நம் பணி விதியில் அப்படி ஒரு வரி இருக்கிறதா, உங்கள் பட்டத்துக்கு இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று தேடுவது. இரண்டும் இல்லையென்றால் பாடத்திட்டம், மதிப்பெண் பட்டியல் நகல்களோடு பள்ளிக் கல்வித் துறைச் செயலாளருக்கு மனு எழுதி, ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். மனுவே கொடுக்காமல் “உத்தரவிடுங்கள்” என்று உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு (அரசுக்கு உத்தரவிடக் கோரும் மனு) போட்டால், முதலில் துறையைக் கேட்டீர்களா என்பதுதான் கேள்வியாக வரும்.

அடுத்து, எதை எதிர்ப்பது என்பதில் வரும் குழப்பம். டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) அறிவிக்கை பணி விதியிலிருந்து விலகியிருந்தால் விதிதான் நிற்கும். அந்த வழக்கு வலுவானது, அறிவிக்கையை மட்டும் எதிர்த்தால் போதும். அறிவிக்கை விதியை அப்படியே பின்பற்றியிருந்தால் அதை மட்டும் எதிர்ப்பது வீண். அரசியல் சாசனத்தின் 14, 16-ஆம் பிரிவுகளை (சமத்துவம், அரசுப் பணியில் சம வாய்ப்பு) சொல்லி விதியையே எதிர்க்க வேண்டும், தமிழக அரசையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். தேர்ச்சிப் பட்டியல் வந்த பிறகு போடும் வழக்கென்றால், பாதிக்கப்படப்போகும் தேர்வானவர்களில் சிலரையாவது சேர்க்காமல் விடக் கூடாது. பிரபோத் வர்மா வழக்கு (1984) முதல் நீதிமன்றங்கள் இதைக் கறாராகப் பார்க்கின்றன.

எல்லாவற்றையும்விட அதிகம் கவிழ்ப்பது தாமதம். ஹால் டிக்கெட் வாங்கி, தேர்வெழுதி, பட்டியலில் பெயர் இல்லை என்றதும் “தகுதி விதியே தவறு” என்று கிளம்புகிறார்கள். மதன்லால் வழக்கு (1995) அந்தக் கதவை அடைத்துவிட்டது: தெரிந்தே கலந்துகொண்டவர் பிறகு முறையைக் குறை சொல்ல முடியாது. கலந்துகொண்ட பின்தான் தெரியவரும் சட்டமீறலுக்கு 2019-இல் மீத்தா சகாய் வழக்கில் விலக்கு கிடைத்தது உண்மை. ஆனால் தகுதி முதல் நாளிலேயே அறிவிக்கையில் அச்சாகியிருக்கும்போது அந்த விலக்கு எப்படிப் பொருந்தும்? விண்ணப்பக் கடைசி நாளுக்கு முன்பே ரிட் மனுவைத் தாக்கல் செய்து, தற்காலிகமாகத் தேர்வெழுத இடைக்கால உத்தரவும் கேளுங்கள். அந்த உத்தரவு தேர்வெழுத மட்டும்தான், வேலைக்கு உரிமை தராது.

சான்றிதழ் தேதியிலும் கவனம் வேண்டும். தேர்வெழுதிய நாள் கணக்கில் வராது. முடிவு வெளியான நாள்தான் கணக்கு. விண்ணப்பக் கடைசி நாளுக்குப் பிறகு முடிவு வந்தவர் தகுதியற்றவர் என்று அசோக் குமார் சர்மா வழக்கு (1997) தீர்த்துவிட்டது.

செலவுக்குப் பயந்து காலம் கடத்த வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12-ஆம் பிரிவின்படி பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். அறிவிக்கை, விண்ணப்ப நகல், நிராகரிப்பு உத்தரவு, தபால் ஒப்புகை நான்கையும் கையோடு கொண்டுபோங்கள். தனி நீதிபதியிடம் தோற்றால் ரிட் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான் அவகாசம் என்பதால், தீர்ப்பு வந்த அன்றே சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.