தாழ்ந்த பானெட்டுக்குள் ஏர் ஃபில்டர்: களிமண் உருண்டையிலிருந்து தொடங்குங்கள்

பாகங்களை வாங்கி நானே கட்டிய என் கிட் காரின் எஞ்சின் முதன்முறையாக உறுமிய அன்று மாலையே ஏர் ஃபில்டரை மாட்டி, பானெட்டை எடுத்து மேலே வைத்தேன். முன்பக்கம் இரண்டு விரல் உயரத்துக்கு அது இறங்காமல் நின்றது. ஃபில்டரை வாங்கிவிட்டு இடத்தைத் தேடியதுதான் நான் செய்த தவறு. இடத்தை அளந்த பிறகே ஃபில்டரைத் தேட வேண்டும். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காலின் சாப்மன் 1957இல் கொண்டுவந்த லோட்டஸ் செவனின் வடிவம், பிரிட்டனில் வீட்டுக் கொட்டகைகளில் கட்டப்படும் எத்தனையோ கார்களுக்கு இன்றும் முன்மாதிரி. நீண்டு தாழ்ந்த மூக்கு, கிளிப்பை விடுவித்தால் அப்படியே கையோடு வந்துவிடும் அலுமினிய பானெட். அதற்குள் பழைய ஃபோர்டு கார்ட்டினாவின் 2 லிட்டர் பின்டோ எஞ்சினை வைப்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. உறுதியான எஞ்சின்தான், ஆனால் உயரமானது. அதன் பக்கவாட்டில் உட்காரும் வெபர் 32/36 கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கருவி) காற்றை மேலிருந்து கீழாக இழுப்பது. ஆகவே ஃபில்டர் அதன் தலைமேல்தான் உட்கார வேண்டும். கார்ட்டினாவில் இருந்த பெரிய வட்டத் தட்டு ஃபில்டருக்கு இங்கே இடமே இல்லை.

அளவெடுத்தல்

பாட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுங்கள். கார்புரேட்டரின் வாயைச் சுத்தமான துணியால் அடைத்து, மேலே சமையலறை பிளாஸ்டிக் தாளைச் சுற்றுங்கள். குழந்தைகள் விளையாடும் களிமண்ணைக் கூம்பாக உருட்டி, கார்புரேட்டரின் மேல்முகத்தில் நான்கு மூலையிலும் ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். பானெட்டின் உட்புறத்தில் லேசாக எண்ணெய் தடவினால் களிமண் அதில் ஒட்டாது. இப்போது பானெட்டை நேராக இறக்கி, கிளிப்புகளைப் போட்டு, மீண்டும் நேராகத் தூக்குங்கள். நசுங்கி நிற்கும் கூம்புகளின் உயரமே உங்கள் இடம். பானெட் முன்னோக்கிச் சரிவதால் நான்கும் ஒன்றாக இராது. மிகக் குட்டையானதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

எனக்குக் கிடைத்தது 64 மி.மீ. அதை முழுதாகச் செலவழிக்க முடியாது. ரப்பர் மவுண்டுகளின் மேல் நிற்கும் எஞ்சின், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் பக்கவாட்டில் திமிறும். துணியை எடுத்துவிட்டு, பாட்டரியை மீண்டும் இணைத்து, பானெட் இல்லாமல் எஞ்சினை ஓட்டி, நண்பர் ஒருவரைச் சட்டென்று மிதிக்கச் சொல்லித் தள்ளி நின்று பாருங்கள், நம்பாதவரும் நம்புவார். வண்டி ஓடும்போது மெல்லிய அலுமினியமும் அதிரும். இரண்டுக்குமாக நான் 20 மி.மீ. ஒதுக்கினேன். மீதி 44. ஃபில்டர் மூடியின் தகட்டுக்கும் அதன் மேல் நிற்கும் நட்டுக்கும் 8 போனால், கார்புரேட்டரின் வாய்க்கும் மூடியின் அடிப்புறத்துக்கும் நடுவே 36 மி.மீ. கிடைக்கிறது.

அந்த இடைவெளி ஏன் முக்கியம்

2 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றினால், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை காற்று நிரம்பும் நான்கு ஸ்ட்ரோக் கணக்குப்படி நிமிடத்துக்கு 5,000 லிட்டர் காற்று கேட்கும். சிலிண்டர்கள் முழுக்க நிரம்புவதில்லை என்று கொஞ்சம் கழித்தாலும் 4,000 லிட்டருக்கு மேல். அத்தனையும் மூடிக்கு அடியில் நுழைந்து, செங்குத்தாகத் திரும்பி, வாய்க்குள் இறங்க வேண்டும்.

இந்தக் கார்புரேட்டரின் பெரிய துளைபோல 36 மி.மீ. விட்டமுள்ள துளையின் மேல் 9 மி.மீ. உயரத்தில் ஒரு மூடி இருந்தால், சுற்றிலும் திறந்திருக்கும் பரப்பும் துளையின் பரப்பும் சமம். கணக்கில் அது போதும். ஆனால் திரும்பும் காற்றுக்கு அது நெருக்கடி. மூடி நெருங்க நெருங்கக் கார்புரேட்டர் பெட்ரோலை அளக்கும் விதமும் மாறிவிடும். 25 மி.மீ.க்குக் கீழே நான் போவதில்லை. துளையின் விட்டம் அளவுக்கே இடைவெளி கிடைத்தால் நிம்மதி.

இடம் அவ்வளவு இல்லையென்றால் என்ன செய்வது? எஞ்சினை இறக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பின்டோவின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான ஆயில் சம்ப் ஏற்கெனவே தரையை நெருங்கித் தொங்குகிறது. சாலையில் ஒரு மேடு போதும், எஞ்சின் போய்விடும். நான் அதைச் சொல்லமாட்டேன். கார்புரேட்டர் தலையில் தட்டையான பெட்டி ஒன்றை மாட்டி, அகலமான குழாய் வழியாக முன்பக்கத்தில் வைத்த கூம்பு ஃபில்டரோடு இணைப்பது நல்ல வழி. ரேடியேட்டரின் சூட்டிலிருந்து விலகிக் குளிர்ந்த காற்றும் கிடைக்கும். பானெட்டை வெட்டுவது கடைசி வழி. வெட்டினால் விளிம்பைக் கூராக விடாதீர்கள். சொந்தமாகக் கட்டிய காருக்கு பிரிட்டனில் நடக்கும் ஐ.வி.ஏ. சோதனையில், வெளியே கைபடும் விளிம்புகளுக்குக் குறைந்தது 2.5 மி.மீ. ஆர வளைவு கேட்பார்கள்.

பொருத்துதல்

பாட்டரி இணைப்பை மறுபடி கழற்றி, கார்புரேட்டரின் வாயைத் துணியால் அடைத்துவிட்டு, முதலில் ஃபில்டரின் அடித்தட்டை மட்டும் கேஸ்கெட்டோடு வைத்துப் பாருங்கள். பெட்ரோல் மட்டத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் மிதவை அறை சுவாசிக்கும் சிறு துளை கார்புரேட்டரின் மேல்பகுதியில் இருக்கிறது. கேஸ்கெட் அதை மூடினால் பெட்ரோல் மட்டம் தாறுமாறாகிவிடும். கேஸ்கெட்டைத் தூக்கி, அதில் பதிந்திருக்கும் தடத்தைப் பார்த்து, தேவையான இடத்தில் வெட்டிவிடுங்கள்.

பிறகு சோக், அதாவது எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது காற்றைக் குறைக்கும் தகடுகள். இதில்தான் நான் ஒரு வாரம் அலைந்தேன். சோக் தகடுகள் முழுக்கத் திறக்கும்போது செங்குத்தாக எழுந்து நிற்கும். என் பழைய ஃபில்டரின் மூடி அவற்றின் மேல்விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தது. சோக் முக்கால் பங்குதான் திறந்தது, ஸ்பார்க் பிளக்குகள் நான்கும் கரிபூசிக் கறுத்தன. நானோ பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டுகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். துணியைச் சற்று நேரம் எடுத்துவிட்டு, மூடியை வைத்த பிறகு ஃபில்டர் காகிதம் இல்லாமலே, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்து, சோக் தகடுகளை விரலால் முழுதாகத் திறந்து மூடிப் பாருங்கள். எங்கும் உரசக் கூடாது. பிறகு துணியைத் திரும்ப அடையுங்கள்.

அடுத்தது ஸ்க்ரூக்கள். அடித்தட்டைப் பிடிக்கும் நான்கு ஸ்க்ரூக்களும் ஃபில்டருக்கு உள்ளே, அதாவது சுத்தமான காற்றின் பக்கம் இருக்கின்றன. அவற்றில் ஒன்று கழன்றால் அதைத் தடுக்க எதுவும் இல்லை. நேராகக் கார்புரேட்டர் வழியாக வால்வுக்கும் பிஸ்டனுக்கும் போய்ச் சேரும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் ஸ்பிரிங் வாஷர், மரையில் ஒரு துளி நீல நிறப் பூட்டுப் பசை. கார்புரேட்டரின் உடல் மென்மையான உலோகம், மரை சட்டென்று தேய்ந்துவிடும். சிறிய ஸ்பேனரை இரண்டு விரலால் பிடித்து இறுக்கினால் போதும். வாயை அடைத்த துணியை எல்லாம் முடிந்த பிறகு எடுங்கள், ஆனால் எடுக்க மறக்காதீர்கள். நான் துணியில் ஒரு நீண்ட சிவப்பு நாடாவைக் கட்டி, ஸ்டீயரிங்கில் அதன் மறுமுனையை மாட்டிவிடுவேன்.

எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிரீதர் குழாய் கார்ட்டினாவின் பழைய ஃபில்டரில் இணைந்திருக்கும். புதியதில் அதற்கு வாய் இல்லையென்றால், எண்ணெய் ஆவியைப் பிடிக்கும் சிறு டப்பாவுக்கு அதைக் கொண்டுபோங்கள். அடைத்துவிட்டால் அழுத்தம் ஏறி ஆயில் சீல்கள் கசியும்.

ஓட்டிப் பார்த்தல்

ஃபில்டர் மூடியின் மேல் நான்கு இடங்களில், நீங்கள் ஒதுக்கிய இடைவெளியில் பாதி உயரத்துக்குக் களிமண் உருண்டை ஒட்டி, பானெட்டைப் போட்டு, 15 கிலோமீட்டர் ஓட்டுங்கள். மேடு, வளைவு, வேகமான புறப்பாடு எல்லாம் இருக்கட்டும். திரும்பி வந்து எஞ்சின் ஆறியதும் பிளக்குகளைக் கழற்றுங்கள். வெளிர்பழுப்பு என்றால் கலவை சரி. கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. வெளுத்த பிளக்கோடு ஓட்டாதீர்கள், முதலில் ஜெட்டைச் சரிசெய்யுங்கள்.

நான் பானெட்டைத் தூக்கியபோது, நான்கு உருண்டைகளிலும் காலையில் அழுத்திய என் கட்டைவிரல் ரேகை அப்படியே இருந்தது.