டேவிஸ் கிண்ண வலயப் பிரிவு முறையில் மட்டக்களப்பில் அணித்தொடர் நடத்துவது எப்படி

டென்னிஸில் டேவிஸ் கிண்ணம் என்றால் பெரிய நாடுகள் மோதும் இறுதிச் சுற்றுத்தான் பலருக்கு நினைவுக்கு வரும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அப்படியே எடுத்து நடத்தக்கூடியது அதுவல்ல, ஆசிய-ஓசியானியா வலயத்தின் மூன்றாம் பிரிவுதான். அந்தப் படியில் எல்லா அணிகளும் ஒரே ஊரில் கூடி, குழுக்களாகப் பிரிந்து, ஒரு வாரத்துக்குள் ஆடி முடிக்கின்றன. ஒரு மோதலுக்கு இரண்டு ஒற்றையர் ஆட்டம், ஓர் இரட்டையர் ஆட்டம். ஒவ்வொன்றிலும் மூன்று செட்டில் இரண்டை வெல்ல வேண்டும். மேலே வரும் அணிகள் உலகப் பிரிவு இரண்டுக்கான பிளே-ஓஃப் சுற்றுக்கு ஏறும்.

நமது பக்கத்தில் வழக்கமாக நடப்பது நொக்அவுட். அக்கரைப்பற்றில் இருந்து விடியமுன் வெளிக்கிட்டு வந்த அணி பத்து மணிக்குத் தோற்று, பன்னிரண்டு மணிக்கு பஸ் ஏறிவிடும். அதில் எந்தப் பிள்ளையும் ஆட்டம் பழகாது. குழு முறையில் நான்கு அணி வந்தால் ஒவ்வோர் அணிக்கும் மூன்று மோதல் உறுதி.

அட்டவணை

நான்கு அணி, ஆறு மோதல், பதினெட்டு ஆட்டம். இரண்டு தரை (ஆடுகளம்) கிடைத்தால் மூன்று நாளில் முடியும். அணிகளைப் பலத்தின்படி 1 முதல் 4 வரை வரிசைப்படுத்துங்கள். முதல் நாள் 1-4, 2-3. இரண்டாம் நாள் 1-3, 2-4. மூன்றாம் நாள் 1-2, 3-4. பலமான இரண்டு அணிகளும் கடைசி நாளில் சந்திப்பதால் தொடர் முதல் நாளிலேயே தீர்ந்துபோகாது. கடைசி நாளின் இரண்டு மோதலையும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள். ஒன்றின் முடிவு தெரிந்தபிறகு மற்றது தொடங்கினால் யாருக்கு எத்தனை செட் போதும் என்று கணக்குப் பார்த்து ஆடுவார்கள்.

ஒரு தரையில் ஒரு நாளைக்கு ஒரு மோதல். காலை 6.30க்கு இரு அணிகளின் இரண்டாம் நிலை வீரர்கள், 8.30 அளவில் முதல் நிலை வீரர்கள், பிற்பகல் 3.30க்கு இரட்டையர். பதினொன்று முதல் மூன்று மணிவரை தரையைச் சும்மா விடுங்கள். சீமெந்துத் தரை அந்த நேரத்தில் கால் வைக்க முடியாத சூட்டில் இருக்கும். காலையில் ஒற்றையர் ஆடியவரே பெரும்பாலும் மாலையில் இரட்டையரிலும் இறங்குவார் என்பதால் அந்த இடைவெளி அவருக்கும் தேவை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவும் அதற்குள் அடங்கும். ஜூலையில் சூரியன் மறைவது ஏறத்தாழ 6.25க்கு. மின்விளக்கு இல்லாத இடத்தில் 3.30ஐத் தாண்டி இரட்டையரைத் தொடங்கினால், மூன்றாம் செட் இருட்டில் சிக்கும்.

ஒரு தரைதான் உண்டென்றால் 6 கேம் செட்டுக்குப் பதில் 4 கேம் செட் வைத்து, மூன்றாம் செட்டை 10 புள்ளி டை-பிரேக்காக (இரண்டு புள்ளி முன்னிலையுடன் முதலில் 10 எடுப்பவர் வெல்லும் முறை) மாற்றுங்கள். சர்வதேச விதிநூல் இரண்டையும் மாற்றுமுறையாக அனுமதிக்கிறது. அப்போது ஒரே தரையில் ஒரு நாளைக்கு இரண்டு மோதலை முடிக்கலாம்.

மாதத்தைப் பொறுத்தவரை, நவம்பர் முதல் ஜனவரி வரை வாடை மழை. அதைத் தொடவே வேண்டாம். மே முதல் செப்டெம்பர் வரை மழைப்பயம் குறைவு. ஆனால் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று உண்டு.

தரையும் வலையும்

காற்று மணலை அள்ளிக்கொண்டு வந்து தரையில் கொட்டும். சீமெந்தின்மேல் மெல்லிய மணல் கிடந்தால் திரும்பும் கால் வழுக்கும், கணுக்கால் பிரளும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன் பின்கோட்டுப் பக்கத்தையும் சேர்த்துத் தும்புத்தடியால் கூட்டுங்கள். காற்று மறைக்க வேலியில் பச்சை வலைத்துணி கட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: துணியில் இடைக்கிடை அரைவட்டமாக வெட்டிக் காற்றுக்கு வழிவிடாவிட்டால், துணி பாய்மரம்போல் உப்பி வேலிக் கம்பத்தையே சாய்த்துவிடும்.

வலையின் நடு உயரம் 91.4 சென்ரிமீற்றர், கம்பத்தருகே 107. சரியாக 91.4 சென்ரிமீற்றரில் ஒரு தடியை வெட்டி மத்தியஸ்தரின் கதிரையில் கட்டி வையுங்கள். கம்பி இழுபடுவதால் ஒவ்வொரு செட் முடிவிலும் அளக்கவேண்டும். கடற்கரை ஊர்களில் வலையை இறுக்கும் கைபிடியின் பல்லுகள் உப்புக்காற்றில் துருப்பிடித்திருக்கும். தொடருக்கு ஒரு கிழமை முன்னரே எண்ணெய் விட்டுச் சுழற்றிப் பாருங்கள். அன்று காலையில் பார்த்தால் பல்லு உடைந்துதான் கையில் வரும்.

பெரும்பாலும் மறந்துபோவது ஒற்றையர் தடி. இரட்டையர் வலையில் ஒற்றையர் ஆடும்போது, இருபுறமும் ஒற்றையர் பக்கக் கோட்டுக்கு வெளியே 91.4 சென்ரிமீற்றரில் 107 சென்ரிமீற்றர் உயரத் தடி ஒன்று வலையைத் தாங்கவேண்டும். அது இல்லாவிட்டால் அந்த இடத்தில் வலை ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் தாழ்ந்து நிற்கும். கோட்டோரமாக அடிப்பவருக்கு அது இலவச இலாபம். நான்கு தடி செய்வித்தால் இரண்டு தரைக்கும் போதும். இரட்டையருக்கு முன் கழற்றிவிடுங்கள்.

பந்து, தண்ணீர், ஆட்கள்

ஓர் ஆட்டத்துக்கு 4 புதுப் பந்து. மூன்றாம் செட்டுக்குப் போனால் இன்னும் 4. பதினெட்டு ஆட்டத்துக்கு 72, மூன்றாம் செட்டுகளுக்காக 24, ஆக 96. தகரத்தைத் திறந்த கணத்திலிருந்து பந்தின் அழுத்தம் இறங்கத் தொடங்கும். எனவே ஆட்டக்காரர் தரையில் நின்றபிறகே திறவுங்கள். சந்தேகமான பந்தை 254 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விட்டுப் பார்க்கலாம். 135க்கும் 147க்கும் இடையில் எழும்பாவிட்டால் பயிற்சிக்கு ஒதுக்குங்கள்.

ஒருவருக்கு ஓர் ஆட்டத்துக்கு 2 லீற்றர் தண்ணீர் கணக்கிடுங்கள். வெறும் தண்ணீர் மட்டும் குடித்தால் கெண்டைக்கால் பிடிக்கக்கூடும். ஒரு ஜீவனிப் பைக்கற்றை (உடல் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் தூள்) 1 லீற்றரில் கரைத்து, போத்தலில் வையுங்கள். துவாய் குளிரவைக்க மீன் ஐஸ் தாராளமாகக் கிடைக்கும், மலிவும்கூட. அது குடிதண்ணீருக்குள் போகக்கூடாது. பெட்டியின்மேல் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

தரைக்கு மூன்று மத்தியஸ்தர்: ஒருவர் கதிரையில், இருவர் கோட்டில். ஆட்டம் முடிய மாற்றுங்கள். புள்ளிகளுக்கிடையே 25 விநாடி, பக்கம் மாற 90 விநாடி, செட் இடைவெளி 120 விநாடி.

தலைவரும் வரிசையும்

ஒவ்வோர் அணியும் தரையோரக் கதிரையில் ஒரு தலைவரை இருத்தலாம். பக்கம் மாறும்போதும் செட் இடைவெளியிலும் அவர் ஆட்டக்காரருடன் பேசலாம். செட்டின் முதல் கேமுக்குப் பின் மாறும்போதும் டை-பிரேக்கிலும் பேச்சு இல்லை. கூட வந்த அண்ணன்மாரும் மாமாமாரும் வேலிக்கு வெளியே.

தகராறு வருவது வீரர் வரிசையில். பலவீனமான பிள்ளையை எதிரணியின் முதல் வீரருக்குப் பலிகொடுத்துவிட்டு, தங்கள் முதல் வீரரை எதிரணியின் இரண்டாமவருடன் மோதவைக்கும் தந்திரம் பழையது. டேவிஸ் கிண்ணத்தில் தரவரிசை அதைத் தடுக்கிறது. நம்மிடம் தரவரிசை இல்லை. எனவே தொடருக்கு முன் ஒவ்வோர் அணியும் நான்கு பேரைப் பலத்தின்படி எழுதித் தரட்டும். எல்லாத் தலைவரும் கூடி அதை ஏற்றுக் கையெழுத்திடவேண்டும். பிறகு அந்த வரிசையை மீறி யாரையும் இறக்கமுடியாது. மோதலுக்கு ஒரு மணிநேரம் முன் இரு தலைவரும் மூடிய உறையில் பெயர்களை ஒரே நேரத்தில் கொடுக்கவேண்டும். இரட்டையர் சோடியை மட்டும் இரண்டாம் ஒற்றையர் முடிந்து பத்து நிமிடத்துக்குள் மாற்ற இடம் கொடுங்கள்.

மூன்றாவது ஆட்டத்தைக் கைவிடாதீர்கள்

ஓர் அணி 2-0 என முன்னணியில் நின்றால், "முடிஞ்சுதுதானே, இரட்டையர் என்னத்துக்கு" என்று இரு பக்கமும் கேட்கும். குழுக் கணக்கு அந்த ஆட்டத்தில்தான் தங்கியிருக்கிறது.

வரிசை இப்படி: முதலில் வென்ற மோதல். சமனானால் வென்ற ஆட்டங்கள். அதிலும் இரண்டு அணி சமனென்றால் நேரடி மோதலில் வென்றவர். மூன்று அணி சமனென்றால் செட் சதவீதம், அதற்குப் பிறகு கேம் சதவீதம். இடையில் இரண்டு அணி மட்டும் சமனாக மிஞ்சினால் மீண்டும் நேரடி மோதல்.

ஓர் உதாரணம். கல்முனை மட்டக்களப்பை வெல்கிறது, மட்டக்களப்பு அக்கரைப்பற்றை, அக்கரைப்பற்று கல்முனையை. எல்லாம் 2-1. மூன்றுமே நான்காவது அணியை 3-0 என அடிக்கின்றன. மூன்றுக்கும் இரண்டு மோதல், ஆறு ஆட்டம். செட்டில் கல்முனை 13-7, அக்கரைப்பற்று 13-7, மட்டக்களப்பு 12-6. எண்ணிக்கையைப் பார்த்தால் மட்டக்களப்பு கடைசி. சதவீதத்தைப் பார்த்தால் 12/18, அதாவது 66.67. மற்ற இரண்டும் 13/20, அதாவது 65. மட்டக்களப்பு முதலிடம். மிஞ்சிய இரண்டில் கல்முனையை வென்ற அக்கரைப்பற்று இரண்டாமிடம். நான்காவது அணியுடனான ஓர் இரட்டையரையேனும் ஆடாமல் விட்டிருந்தால் இந்தக் கணக்கே குலைந்திருக்கும்.

காயத்தால் ஒருவர் விலகினால் மிச்ச கேம்களை எதிராளிக்குச் சேர்ப்பதாகவும், வராவிட்டால் 6-0, 6-0 என்றும் முன்கூட்டியே எழுதிவையுங்கள். புள்ளித்தாளில் இரு தலைவரின் கையெழுத்து விழுந்தபிறகு இரண்டு பேர் தனித்தனியாகச் சதவீதத்தைக் கணிக்கட்டும். இரண்டு விடையும் ஒத்தால் மட்டும் முடிவை வாசியுங்கள்.