அம்மா இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டிய கொப்பி

2025 ஆகஸ்ட் 5ஆம் திகதி, யாழ்ப்பாணத்தில் மனிதப் புதைகுழி தோண்டப்பட்ட செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில், எலும்புகளோடு கிடைத்த உடுப்புகளையும் பொருட்களையும் சனத்துக்குக் காட்டினார்கள். அம்மா வீட்டில் நிற்க மாட்டன் என்றா, கூட்டிக்கொண்டு போனேன். தம்பி யுத்தம் முடிந்த 2009 மே மாதம் முல்லைத்தீவு வட்டுவாகல் பாலத்தடியில் காணாமல் போனவன். செம்மணியோ தொண்ணூறுகளின் கதை. அவன் அங்கே இருக்க வழியில்லை என்று அவவுக்கும் தெரியும். மண்ணேறிய ஒரு துணிக்கு முன்னால் நின்று, “அவன் கடைசியா என்ன சேர்ட் பிள்ளை போட்டிருந்தவன்?” என்று கேட்டா. நான் நீலம் என்றேன். அவ பச்சை என்றா. அன்று இரவே ஒரு எண்பது பக்கக் கொப்பி வாங்கினேன்.

உங்கள் வீட்டிலும் யாராவது காணாமல் போயிருந்தால் இப்படி ஒன்று தொடங்குங்கள். என்றைக்காவது எலும்பு கிடைத்தால், அதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய விவரம் வயது போன தாய்மாரின் ஞாபகத்தில்தான் இருக்கிறது.

முதலில் உயரம். “நல்ல உயரம்” என்று எழுதிப் பயனில்லை. பக்கத்து வீட்டுப் பெடியனைச் சுவரோடு நிறுத்தினேன். அம்மா அவன் தலைக்கு மேலே கையை வைத்து, “இன்னும் கொஞ்சம்... இல்லை, இறக்கு” என்று சொல்லிச் சொல்லி ஒரு இடத்தில் நிறுத்தினா. அளந்தால் 169 சென்ரிமீற்றர்.

அடுத்தது பல். தம்பி சைக்கிளில் விழுந்து மேல் முன்பல்லில் ஒரு மூலை உடைந்தது. எந்தப் பக்கம்? நாம் எதிரே நின்று பார்த்த ஞாபகத்தில் இடம் வலமாகிவிடும். எப்போதும் அவருடைய இடம், அவருடைய வலம் என்றே எழுதுங்கள். பல் தெரியச் சிரிக்கும் படம் இருந்தால் கொப்பிக்குள் வையுங்கள். பிடுங்கிய பல், அடைத்த பல், எந்த வயதில் எந்தக் கை முறிந்தது, எந்த ஆஸ்பத்திரி என்று எல்லாம் வேண்டும். முறிந்து பொருந்திய அடையாளம் எலும்பில் பெரும்பாலும் தங்கும். வன்னியில் இருந்தவர்களுக்கு இன்னொன்று: உடம்பில் எடுக்காமல் விட்ட எறிகணைத் (செல்) துண்டு. எந்த இடம் என்று குறியுங்கள். மச்சத்தை எலும்பு காட்டாது. ஆனாலும் அம்மாமார் முதலில் சொல்வது மச்சத்தைத்தான். எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

உடுப்பில் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், மண்ணுக்குள் அது மாறிவிடும். பருத்தி உக்கினாலும் பொத்தான், சிப், பெல்ற் கொழுக்கி, செருப்பு நிற்கும். கிழிந்ததை எந்த நூலால் தைத்தீர்கள் என்பதும் வேண்டும். செம்மணியில் ஒரு குழந்தையின் எலும்போடு நீலப் பள்ளிப் பை கிடைத்தது. அந்தப் பையை வாங்கிக் கொடுத்தவர்களுக்கு அது போதும்.

மரபணுவுக்குத் தாய், தகப்பன், பிள்ளைகள்தான் முதல். மனைவியின் மாதிரி கணவரின் எலும்போடு பொருந்தாது. ஆனால் பிள்ளையின் மரபணுவில் எந்தப் பாதி தகப்பனுடையது என்று பிரித்தறிய உதவும். தாய் தகப்பன் இல்லையென்றால் கூடப்பிறந்தவர்கள். தாய் வழியை மட்டும் பார்க்கும் சோதனைக்குத் தாய்மாமனும் தாயின் கூடப்பிறந்த சின்னம்மாவும் உதவுவார்கள். வந்து கேட்கிறவர்களுக்கெல்லாம் எச்சில் கொடுக்காதீர்கள். யார் வைத்திருப்பார்கள், எதற்குப் பாவிப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

அப்புறம், தோண்டும்போது எலும்பு கண்டால் கை வைக்க வேண்டாம். முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் 2023இல் தண்ணீர்க் குழாய்க்கு வெட்டும்போதுதான் புதைகுழி தெரிய வந்தது. அந்த இடத்தில் மொத்தம் 52 பேரின் எலும்புகள் எடுக்கப்பட்டன. எலும்பு எந்த ஆழத்தில், எப்படிக் கிடந்தது, பக்கத்தில் என்ன இருந்தது என்பதெல்லாம் சாட்சி. வேலையை நிறுத்தி, பொலிசுக்குச் சொல்லி, ஒரு சட்டத்தரணியையும் கூப்பிடுங்கள். நீதவானின் உத்தரவோடு சட்ட வைத்திய அதிகாரி முன்னிலையில்தான் தோண்டலாம். குடும்பத்தின் சார்பில் சட்டத்தரணி நீதிமன்றில் நிற்பது முக்கியம்.

எலும்பு வந்தாலும் அவசரப்பட்டு நம்பவும் வேண்டாம், இல்லையென்று விடவும் வேண்டாம். மன்னாரில் சதொச என்ற அரச கடையின் வளவில் 2018இல் 300க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் வந்தன. அமெரிக்க ஆய்வுகூடமொன்று சில மாதிரிகளைப் பார்த்து கி.பி. 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டவை என்றது. அதை ஏற்காத குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

பத்திர விஷயம் சுருக்கமாக: மரணச் சான்றிதழ் வாங்க மனம் வராவிட்டால், 2016 முதல் காணாமல் போனமைக்கான சான்றிதழ் வாங்கலாம். அரசின் காணாமல் போனோர் அலுவலகத்தில் பதிவதா என்பதில் தாய்மாருக்குள் சண்டையே உண்டு. நான் பதிந்தேன். பதியாதவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பதிந்தால் இலக்கத்தைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

கொப்பியை மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வெளிநாட்டில் இருக்கும் சொந்தத்திடம் கொடுங்கள். எங்களிடம் 2009க்கு முந்தின ஒரு கடதாசியும் மிஞ்சவில்லை.

ஞாபகம் முரண்பட்டால் தீர்ப்புச் சொல்லாமல், யார் சொன்னது என்று போட்டு இரண்டையும் எழுதுங்கள். எங்கள் கொப்பியில் ஏழாம் பக்கம் இப்படி இருக்கிறது: சேர்ட், அம்மா சொன்னது பச்சை, அக்கா சொன்னது நீலம்.