ப்ளஸ் டூ முடித்தாயிற்றா? ஊர் நூலகத்தில் குழந்தைகளுக்கு வாசிப்பு நேரம் தொடங்குவது எப்படி

மார்ச்சில் பரீட்சை முடிகிறது. மே மாதம் ரிசல்ட். அப்புறம் விண்ணப்பம், கலந்தாய்வு, இ-சேவை மையத்தில் சாதிச் சான்று, வருமானச் சான்று என்று இழுத்துக்கொண்டே போய், கல்லூரி வாசலை மிதிக்க ஜூலையோ ஆகஸ்டோ ஆகிவிடும். இந்த இடைவெளியில் ஊருக்கு ஏதாவது செய்யலாம் என்று பலருக்கும் தோன்றும். உடனே நினைவுக்கு வருவது மரக்கன்று நடுவது. மே மாத வெயிலில் கன்றை நட்டு, படம் எடுத்து, நீங்களும் கல்லூரிக்குக் கிளம்பிவிட்டால் தண்ணீர் ஊற்ற யார் இருக்கிறார்கள்? அது மழைக்கு முன் செய்ய வேண்டிய வேலை. கோடையில் செய்ய வேறு நல்ல வேலை உண்டு. பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் வீட்டில் செல்போனோடு கிடக்கிறார்கள். உங்கள் ஊர் நூலகத்தில் குழந்தைகள் அலமாரி தூசி படிந்து நிற்கிறது. இந்த இரண்டையும் சேர்த்து வைப்பதுதான் வேலை. செலவு ஏறக்குறைய இல்லை.

படி 1: முதலில் வாசகராகப் போங்கள்

கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோ, பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே ஒரு வாரம் போய் உட்காருங்கள். எந்த நேரத்தில் திறந்திருக்கிறது, எப்போது கூட்டம், குழந்தைகள் புத்தகம் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இது தெரியாமல் வெள்ளிக்கிழமை போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் அதிகம்.

உள்ளே போகத் தயக்கமாக இருந்தால் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். 1948-ல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கிறார்கள், ரூபாய்க்குப் பத்து பைசா வீதம். உங்கள் தெருக்காரர்கள் கட்டும் பணத்தில்தான் அந்த நூலகம் நடக்கிறது.

படி 2: நூலகரிடம் கேட்பது

கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் பேசுங்கள். பெரிய திட்டமெல்லாம் எழுதிக்கொண்டு போக வேண்டாம். “சார், நான் ப்ளஸ் டூ முடிச்சிருக்கேன். காலேஜ் திறக்கிற வரைக்கும் வாரத்துல ரெண்டு நாள் சின்னப் பசங்களுக்குக் கதை வாசிச்சுக் காட்டட்டுமா? இடத்தை நானே கூட்டிப் பெருக்கி வெச்சுடறேன்” என்று கேட்டால் போதும். கடைசி வரிக்கு நல்ல பலன் உண்டு. பல ஊர்களில் திறப்பது, பதிவேடு எழுதுவது, அடுக்குவது எல்லாம் ஒரே ஆள்தான். இன்னொரு வேலை தன் தலையில் விழுமோ என்ற பயம் அவருக்கு இருக்கும்.

மேலே கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றால், மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதி நூலகர் வழியாகவே கொடுங்கள். வாசகர் வட்டம் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். அதில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சிபாரிசு செய்தால் வேலை சீக்கிரம் நடக்கும்.

முடியாது என்று சொல்லிவிட்டால்? கோயில் மண்டபம், சமுதாயக் கூடம், வீட்டுத் திண்ணை, எங்கும் நடத்தலாம். நூலக உறுப்பினர் அட்டையில் புத்தகம் எடுத்துக்கொண்டால் ஆயிற்று.

படி 3: இடம், நேரம், பிள்ளைகள்

செய்தித்தாள் படிக்கும் பெரியவர்களுக்கு இடைஞ்சல் கூடாது. முதல் புகார் அங்கிருந்துதான் வரும், அதில் நியாயமும் இருக்கும். வராந்தாவிலோ தனி மூலையிலோ பாய் விரித்துக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்கு முக்கால் மணி நேரம் போதும். மாலையில் வைத்தால் பிள்ளைகள் கிரிக்கெட்டுக்கு ஓடிவிடுவார்கள்.

நோட்டீஸ் அடிப்பதில் காசை விடாதீர்கள். டியூஷன் எடுக்கும் அக்கா, மகளிர் குழுவில் இருக்கும் அம்மாக்கள், ரேஷன் கடை வரிசை, இங்கெல்லாம் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும். முதல் நாள் மூன்று பேர் வந்தாலும் நடத்துங்கள். அந்த மூன்று பேர் மற்றவர்களைக் கூட்டி வருவார்கள்.

படி 4: புத்தகம்

படம் பெரியதாக, எழுத்து குறைவாக இருப்பவை முதலில். நூலகத்தில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட குழந்தைகள் புத்தகங்கள் இருக்கலாம், அலமாரியின் அடித்தட்டில் தேடுங்கள். போதாவிட்டால் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். வாசிப்புத் திறனுக்கு ஏற்ப நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் இரண்டு நிலைகளில் ஆரம்பியுங்கள். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ இதழ் நன்றாகப் பொருந்தும்.

நீதி சொல்வதற்கென்றே எழுதிய கதைகளை நான் ஒதுக்கிவிடுவேன். பிள்ளைகள் கடைசிப் பக்கத்தை முன்கூட்டியே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

படி 5: அந்த முக்கால் மணி நேரம்

சரி, இனிதான் உண்மையான வேலை. கதையை முந்தின நாள் வீட்டில் வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். எந்த இடத்தில் நிறுத்தினால் “அப்புறம்?” என்று கேட்பார்கள் என்பது அப்போது பிடிபடும். வாசிக்கும்போது படம் பிள்ளைகள் பக்கம் இருக்கட்டும். அப்படிப் பிடித்தால் எழுத்து உங்கள் கண்ணில் படாதே என்றால், வரிகளைத் துண்டுத் தாளில் எழுதிப் புத்தகத்தின் பின்னட்டையில் ஒட்டிக்கொள்ளலாம்.

ஊர்ப் பேச்சில் சொல்லலாமா? தாராளமாக. எழுதியிருப்பதை ஒருமுறை வாசித்துவிட்டு, நடுநடுவே உங்கள் ஊர் வழக்கில் சேர்த்துச் சொல்லுங்கள்.

கதை முடிந்ததும் கேள்வி கேட்டுச் சோதிக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் அது போதுமான அளவு நடக்கிறது. படம் வரையச் சொல்லலாம், நடித்துக் காட்டச் சொல்லலாம், முடிவை மாற்றச் சொல்லலாம். கரடியும் நரியும் வரும் கதை என்றால் நடிக்க அடிபிடியே நடக்கும். கடைசிப் பத்து நிமிடம் அவரவர் விருப்பப் புத்தகத்தைப் புரட்டட்டும்.

அப்போது பின்னால் உட்கார்ந்து, “இதை நான் ஏற்கெனவே படிச்சுட்டேன்” என்று நழுவும் பிள்ளையைக் கவனியுங்கள். பெரும்பாலும் அந்தப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. ஐந்தாம் வகுப்பு தாண்டியும் இப்படி இருப்பவர்கள் உண்டு; ஆங்கில வழிப் பள்ளிகளில் படித்து, தமிழ் பேசுவார்கள் ஆனால் வாசிக்கத் தடுமாறுவார்கள் என்பதும் உண்டு. எல்லார் முன்னாலும் வாசிக்கச் சொல்லிவிடாதீர்கள், மறுநாள் வராது. “தம்பிக்கு நீ வாசிச்சுக் காட்டேன்” என்று முதல் நிலைப் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுங்கள். சின்னவனுக்காக வாசிப்பதாக நினைத்துக்கொண்டு தானே பழகிவிடும்.

படி 6: இவற்றில் கண்டிப்பாக இருங்கள்

பிள்ளைகளோடு மூடிய அறையில் தனியாக இருக்க வேண்டாம். நூலகரோ ஒரு தாயோ கண் பார்வையில் இருக்கட்டும். வருகிற பிள்ளையின் பெயர், பெற்றோர் போன் எண் இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். பெற்றோரைக் கேட்காமல் பிள்ளைகள் படத்தை இன்ஸ்டாவிலோ ஸ்டேட்டஸிலோ போடக் கூடாது. யாரிடமும் காசு வாங்காதீர்கள், பிஸ்கட் வாங்கக்கூட.

பணம் கட்டினால் தன்னார்வலர் சான்றிதழ் என்று இணையத்தில் வரும் விளம்பரங்கள் பக்கமே போகாதீர்கள். உங்களுக்குக் கடிதம் வேண்டுமென்றால் கடைசியில் நூலகரிடம் கேளுங்கள், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று எழுதித் தருவார்.

படி 7: கைமாற்றுவது

இதைக் கல்லூரி திறக்கும் வாரத்தில் யோசித்தால் தாமதம். மே கடைசியிலேயே பத்தாம் வகுப்போ பதினொன்றோ படிக்கும் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். முதலில் அவர் படம் காட்டட்டும், பிறகு பாதிக் கதை, பிறகு முழுக் கதை. பள்ளி திறந்துவிட்டால் சனி, ஞாயிறில் ஒரு நாளாகக் குறைத்துக்கொள்ளலாம். என்ன கதை வாசித்தோம், எது எடுபட்டது, எந்தப் பிள்ளைக்கு எந்த நிலைப் புத்தகம் என்று எழுதிய நோட்டை நூலகரிடமே விட்டுச் செல்லுங்கள்.

கல்லூரியில் சேர்ந்ததும் நாட்டு நலப்பணித் திட்டத்துக்குப் பெயர் கேட்பார்கள். 1969-ல் தொடங்கிய திட்டம். ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி, கூடவே ஏதாவது ஒரு கிராமத்தில் ஏழு நாள் முகாம். முகாம் நடக்கும் ஊரில் ஊர்ப்புற நூலகம் இருக்கிறதா என்று திட்ட அலுவலரிடம் முன்கூட்டியே கேளுங்கள். இருந்தால், நீங்கள் வாசித்துப் பழகிய கதைகளில் நாலைந்தைப் பையில் எடுத்துப் போகலாம்.