பழைய வேலூர் மாவட்டத்தின் சென்சஸ் கணக்கை எடுத்துப் படிப்பது எப்படி?

உங்கள் ஊரில் எத்தனை வீடு, எத்தனை பேர், எத்தனை பேருக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்று அறிய யாரிடமும் மனு கொடுக்கத் தேவையில்லை. 2011 சென்சஸ் கோப்புகள் இந்தியத் தலைமைப் பதிவாளரின் சென்சஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எடுப்பது சுலபம். படிக்கும்போதுதான் பலரும் தடுமாறுகிறார்கள்.

முதலில், எது எப்போது கேட்கப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். 2010இல் நடந்தது வீட்டுப்பட்டியல் கணக்கெடுப்பு: கூரை, சுவர், குடிநீர், கழிப்பறை, சமையல் எரிபொருள் என்று 35 கேள்விகள். ஆட்களைக் கணக்கெடுத்தது 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை: வயது, திருமணம், மதம், தாய்மொழி, படிப்பு, வேலை, இடம்பெயர்வு என்று 29 கேள்விகள். பட்டியல் சாதி, பழங்குடி தவிர மற்ற சாதிகளின் கணக்கு இதில் கிடையாது. தனிநபர் விவரமும் வெளிவராது. 1948 சென்சஸ் சட்டத்தின் 15வது பிரிவு அதைக் காக்கிறது. நமக்குக் கிடைப்பது கிராமம் அல்லது நகர வார்டு அளவிலான கூட்டுத்தொகை.

படி 1: கோப்பை எடுங்கள். தொடங்குபவர்களுக்கு ஏற்றது 'பிரைமரி சென்சஸ் ஆப்ஸ்ட்ராக்ட்', சுருக்கமாக பிசிஏ: மக்கள்தொகை, எழுத்தறிவு, வேலை ஆகியவற்றை ஊர்வாரியாகத் தரும் அடிப்படைப் பட்டியல். தமிழ்நாட்டின் எண் 33, 2019இல் பிரிக்கப்படுவதற்கு முந்தைய பழைய வேலூர் மாவட்டம் 605. எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள்.

படி 2: வரிசைகளைப் பிரியுங்கள். மாவட்டத்துக்கும் தாலுகாவுக்கும் மொத்தம், கிராமப்புறம், நகர்ப்புறம் என்று தனித்தனி வரிசை இருக்கும். நகரத்துக்குக் கீழே அதன் வார்டுகளும் வரும். பில்டர் போடாமல் ஒரு பத்தியை (மேலிருந்து கீழாக உள்ள எண்களை) அப்படியே கூட்டினால் ஒரே ஆளைப் பல தடவை எண்ணிவிடுவீர்கள். கிராமம் வேண்டுமானால் கிராம வரிசைகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே கிராமம் என்பது வருவாய் கிராமம். ஊராட்சி அல்ல, குக்கிராமமும் அல்ல. உங்கள் ஊர்ப் பெயர் இல்லையென்றால் பட்டாவில் உள்ள கிராமப் பெயரைத் தேடுங்கள்.

படி 3: எல்லையைச் சரிபாருங்கள். 2011இல் வேலூர் என்றால் அரக்கோணத்திலிருந்து திருப்பத்தூர் வரை, 39,36,331 பேர். 2019இல் மாவட்டம் மூன்றானது. அதே 2011 கணக்கைப் பிரித்தால் இன்றைய வேலூருக்கு 16,14,242, ராணிப்பேட்டைக்கு 12,10,277, திருப்பத்தூருக்கு 11,11,812. நீங்கள் பிரித்த எண்கள் இவற்றோடு ஒத்துப்போகாவிட்டால் எங்கோ கிராமம் இடம் மாறியிருக்கிறது. பழைய தாலுகாக்களை அப்படியே கூட்டாமல், ஆறு இலக்கக் கிராம எண்ணை வைத்துப் பிரிப்பதே பத்திரம். நகரத்திலும் இதே சிக்கல் உண்டு: சத்துவாச்சாரி இன்று மாநகராட்சிக்குள் இருக்கிறது, 2011 கோப்பில் தனி ஊர்.

படி 4: எழுத்தறிவு விகிதம் போடுங்கள். ரொம்பப் பேர் சறுக்கும் இடம் இது. பழைய வேலூரில் எழுத்தறிவு பெற்றவர் சுமார் 27.74 லட்சம். மொத்த மக்கள்தொகையால் வகுத்தால் 70.47 சதவீதம். இந்த எண்ணைப் பல இடங்களில் பார்த்திருப்பீர்கள். ஆனால் சென்சஸ் 7 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளை எழுத்தறிவு பெற்றவராக எண்ணுவதே இல்லை. ஆகவே 0–6 வயதுக் குழந்தைகள் 4,32,550 பேரைக் கழித்து, மீதமுள்ள 35,03,781ஆல் வகுக்க வேண்டும். விடை 79.17. ஒரே மாவட்டம், ஒரே கணக்கெடுப்பு. வகுக்கும் எண் மாறியதால் ஏறத்தாழ 9 புள்ளி வித்தியாசம். வேறொரு மாவட்டத்தோடு ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் ஒரே முறையில் வகுக்கப்பட்டதா என்று பார்த்த பிறகே பேசுங்கள்.

படி 5: வேலைப் பத்திகள். ஆண்டில் 6 மாதமோ அதற்கு மேலோ வேலை பார்த்தவர் முதன்மைத் தொழிலாளர். குறைந்தால் குறுகிய காலத் தொழிலாளர். வீட்டில் பீடி சுற்றுவது 'வீட்டுத் தொழில்' பத்தியில் வரும். ஆம்பூர் ஷூ கம்பெனி வேலை 'மற்றவை'யில் போய்விடும். வீட்டு ஆண் பதில் சொல்லி, "அவங்க சும்மா வீட்லதான் இருக்காங்க" என்று முடித்துவிட்டால் பீடி சுற்றும் பெண் கணக்கிலேயே வரமாட்டார். எனவே பெண் தொழிலாளர் எண்ணைக் குறைந்தபட்ச எண்ணாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மதம், தாய்மொழி போன்றவை பிசிஏவில் இல்லை. சி வரிசை அட்டவணைகளுக்குப் போங்கள். உருது, தெலுங்கு பேசுவோர் எண்ணிக்கைக்கு சி–16. தொழில் வகைக்கு பி வரிசை, இடம்பெயர்வுக்கு டி வரிசை. எல்லாம் ஒரே நாளில் வெளிவரவில்லை: முதல் தற்காலிக எண்கள் 2011 மார்ச் இறுதியில், இறுதி பிசிஏ 2013இல், தாய்மொழி அட்டவணை 2018இல்.

பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் வசதி தேடுகிறவர்கள் மாவட்டச் சென்சஸ் கையேட்டின் கிராம விவரப் பட்டியலைத் திறக்கலாம். வசதி இல்லாத ஊருக்கு எழுத்துக் குறி இருக்கும்: ஏ என்றால் 5 கிலோமீட்டருக்குள் கிடைக்கிறது, பி 5 முதல் 10, சி அதற்கும் மேல்.

அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள், அதாவது எந்த நாளின் நிலவரம் கணக்கில் எடுக்கப்படுமோ அந்த நாள், 2027 மார்ச் 1. அந்த எண்களோடு ஒப்பிட நினைப்பவர்கள், 2011 கிராம எண்ணையும் அந்தக் கிராமத்தின் இன்றைய தாலுகா, மாவட்டப் பெயரையும் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் இப்போதே எழுதிச் சேமித்து வையுங்கள்.