"சரி" என்று சொன்னால் சம்மதம் ஆகிவிடுமா?

பாலிஅமோரி என்றதும் பலதாரமணத்தை நினைத்துக்கொள்வதுதான் முதல் தவறு. பலதாரமணம் திருமணத்தைப் பற்றியது. பாலிஅமோரி என்பது சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் தெரிந்து, எல்லோரும் ஒப்புக்கொண்டு, ஒன்றுக்கு மேற்பட்டவர்களோடு காதல் உறவில் இருப்பது. 1990களில் புழக்கத்துக்கு வந்த இந்தச் சொல் 2006இல் ஆக்ஸ்போர்டு அகராதியில் ஏறியது. துணைக்குத் தெரியாமல் நடப்பதற்கு இந்தப் பெயரைச் சூட்டினாலும் அது ஏமாற்றுதான்.

நான் பெரிய தவறாக நினைப்பது வேறு. "எனக்கு இன்னொருத்தர் மேலயும் ஈர்ப்பு இருக்கு" என்று ஒருவர் சொல்கிறார். மற்றவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம் முகத்தைப் பார்க்காமலே, "சரி, உன் இஷ்டம்" என்கிறார். சொன்னவருக்கு ஒரே நிம்மதி. அந்த வாரமே வெளியே கிளம்பிவிடுகிறார். மாட்டேன் என்றால் விட்டுப் போய்விடுவாரோ என்ற பயத்தில் வந்த "சரி" அது. சில மாதங்கள் கழித்து, துவைத்த துணியை மடிக்காமல் விட்டதற்குப் பெரிய சண்டை வரும். சண்டை துணிக்காக இல்லை என்று இருவருக்குமே தெரியும்.

எதற்குச் சரி என்று கேட்க வேண்டும். இரவு அங்கே தங்கலாமா? அவர் நம் வீட்டுக்கு வரலாமா? நண்பர்களிடம் சொல்லலாமா? எவ்வளவு விவரம் உனக்குத் தெரிய வேண்டும்? நாளைக்கு உன் மனம் மாறினால் என்ன செய்வோம்? பதில் வர ஒரு மாதம் ஆனால் ஆகட்டும். ஏற்கெனவே விரிசல் விட்ட உறவை ஒட்டவைக்க இதில் இறங்குகிறவர்களும் உண்டு. மூன்றாவதாக ஒருவர் பசை ஆக முடியாது, பாவம்.

அந்த மூன்றாமவர் வருவதற்கு முன்பே விதிகளை எழுதி முடித்துவிடுவது இன்னொரு தவறு. தம்பதியாகச் சேர்ந்து ஒரு பெண்ணைத் தேடுகிறார்கள். அவள் இருவரையும் ஒரே அளவு நேசிக்க வேண்டும், வெளியே யாரையும் பார்க்கக் கூடாது, பிரச்சினை வந்தால் அவள்தான் விலக வேண்டும். அப்படி ஒருத்தி கிடைப்பது அபூர்வம் என்பதால், கதைகளில் மட்டும் வரும் ஒற்றைக் கொம்புக் குதிரையின் பெயரால் இதை 'யூனிகார்ன் வேட்டை' என்று கேலி செய்கிறார்கள். கேலி நியாயமானதுதான்.

பொறாமை வந்தால் தோற்றுவிட்டதாக நினைக்காதீர்கள். துணை வேறொருவரோடு மகிழ்வதைக் கண்டு மகிழ்வதற்கு 'கம்பர்ஷன்' என்று பெயர். சான் பிரான்சிஸ்கோவில் 'கெரிஸ்டா' என்ற கூட்டுவாழ்வுக் குழுவில் பிறந்த சொல். வந்தால் நல்லது, வராவிட்டால் குற்றமில்லை. புது உறவின் மயக்கத்தில் துணை சாப்பிடும்போதும் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தால் யாருக்கும் சுருக்கென்று இருக்கும். பல நேரம் அந்தப் பொறாமைக்குக் காரணம் அந்த மூன்றாவது ஆள்கூட இல்லை, பறிபோன நேரம்தான். அதனால் மனத்தத்துவம் பேசுவதற்கு முன் காலண்டரை எடுத்து வையுங்கள். வாரத்தில் ஒரு மாலை, போன் இல்லாமல், உங்கள் இருவருக்கு.

உடல்நலத்தில் நம்பிக்கை மட்டும் போதாது. ஆய்வகத்தில் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்துச் செய்யும் எச்.ஐ.வி. ஆன்டிஜென்-ஆன்டிபாடி சோதனையில்கூடத் தொற்று தெரியவர 18 முதல் 45 நாள் ஆகும். போன வார உறவுக்கு இன்றைய 'நெகடிவ்' முடிவு பதில் ஆகாது. யாரோடு ஆணுறை கட்டாயம், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சோதனை, ஆணுறை கிழிந்தால் யாருக்கு எப்போது சொல்வது என்பதையெல்லாம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

சட்டத்தை மறந்துவிடுவார்கள். அமெரிக்காவின் சோமர்வில் நகரம் 2020இல் இரண்டு பேருக்கு மேற்பட்டவர்களின் இல்வாழ்க்கைத் துணையுறவைப் பதிவு செய்ய அனுமதித்தது. ஆனால் அது விதிவிலக்கு. பெரும்பாலான இடங்களில் பத்து வருடம் கூடவே வாழ்ந்த மூன்றாவது துணை காகிதத்தில் யாரும் இல்லை. வாடகை ஒப்பந்தத்தில் யார் பெயர், மருத்துவமனையில் யாரைக் கூப்பிடுவார்கள், உயிலில் யார் என்பதை எல்லோரும் நன்றாக இருக்கும்போதே ஒரு வழக்கறிஞரிடம் உட்கார்ந்து எழுதி வைத்துவிடுங்கள்.