பைனாரல் பீட்ஸ்: கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைனாரல் பீட்ஸ் என்பது, இரு காதுகளுக்கும் சற்றே வேறுபட்ட ஒலிகளைத் தரும் ஒலிப்பதிவு; மனதை அமைதியாக்கும் என்று சொல்லி வெளியிடுகிறார்கள். பலரும் இதை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கிறார்கள். அப்படிக் கேட்டால் அது பைனாரல் பீட்ஸே இல்லை. இடது காதுக்கு 200 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 200 அதிர்வு), வலது காதுக்கு 210 ஹெர்ட்ஸ் என்று தனித்தனியாகக் கொடுத்தால், நொடிக்கு 10 முறை ஏறி இறங்கும் ஒரு துடிப்பு கேட்கும். அந்தத் துடிப்பு வெளியே எங்கும் கிடையாது. இரு காதுகளின் செய்திகளும் சந்திக்கும் மூளைத்தண்டில்தான் அது பிறக்கிறது. ஸ்பீக்கரில் இரண்டு ஒலிகளும் காற்றிலேயே கலந்துவிடும். அதனால் ஹெட்போன் கட்டாயம். போனில், இரு காதுக்கும் ஒரே ஒலியைத் தரும் ‘மோனோ ஆடியோ’ அமைப்பு இயங்கினாலும் பலன் இல்லை, அதை அணைத்துவிடுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, அந்த ஒலிப்பதிவுகளின் தலைப்பில் எழுதியிருப்பதை அப்படியே நம்புவது. ‘10 ஹெர்ட்ஸ் கேட்டால் மூளையும் 10 ஹெர்ட்ஸ் ஆல்ஃபா நிலைக்குப் போய்விடும்’ என்கிறார்கள். ஆல்ஃபா என்பது ஓய்வாக இருக்கும்போது மூளையில் தெரியும் மின் அலை. ஆய்வுகள் அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை. மூளை அலைகளை அளந்த 14 ஆய்வுகளை 2023இல் சேர்த்துப் பார்த்தபோது, 5 மட்டுமே இந்தக் கருத்தை ஆதரித்தன; 8 எதிராக இருந்தன, ஒன்று இரண்டுங்கெட்டான். அப்படியானால் எல்லாமே பொய்யா? அப்படியும் சொல்ல முடியாது. அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களிடம் நடந்த, 2005இல் வெளியான ஓர் ஆய்வில், இதைக் கேட்டவர்களுக்குப் பதற்றம் சுமார் 26 சதவீதம் குறைந்தது. துடிப்பு இல்லாத ஒலியைக் கேட்டவர்களுக்கு 11 சதவீதம்தான். ஆக, மனம் அமைதியாகலாம். ஆனால் மூளை அலை அந்த எண்ணுக்கு மாறியதால்தான் அமைதி வந்தது என்பதற்கு ஆதாரம் பலவீனம்.

இன்னொன்றையும் யோசியுங்கள்: கண்ணை மூடி ஓய்வாக உட்கார்ந்தாலே பெரும்பாலானவர்களுக்கு ஆல்ஃபா அலை கூடும். அதனால் பலன் துடிப்பிலிருந்து வருகிறதா என்று அறிய, சில நாள் அதே நேரத்தில், அதே இடத்தில் சாதாரண மென்மையான ஒலியைக் கேட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் பணம் கட்டி வாங்க வேண்டியதில்லை.

சத்தத்தைக் கூட்டினால் பலன் கூடாது, காதுதான் கெடும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். வண்டி ஓட்டும்போது கேட்காதீர்கள். வலிப்பு நோய் உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

அப்புறம், தூக்கமின்மைக்கோ மனச்சோர்வுக்கோ மருந்து எடுப்பவர்கள் இதை நம்பி மருந்தை நிறுத்தவே கூடாது. இதையும் கேட்க விரும்பினால், மருந்தோடு சேர்த்துக் கேளுங்கள், மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.